காலியாகாத இடம்

பண்ணையாரைப் பற்றித் தென்காசியில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள். முன்யோசனைக்காரர், நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே செய்து வைக்கிறவர், அவர் மாதிரி உண்டா என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த முன்யோசனையில் ஏழு வருஷம் வெந்தவன் நான். போய்ச் சேர்ந்தவரைப் பழிக்கக்கூடாது என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள். உயிரோடு இருந்த ஒரு மனிதரை வைத்து அவர் செய்ததை நினைத்தால், பழிக்காமல் இருக்க எனக்கு வாய் வரவில்லை.

அவருக்குத் தென்காசியில் பெரிய வீடு. குத்துக்கல்வலசைப் பக்கம் வயலும் தோப்பும். குற்றாலத்தில், பேரருவியிலிருந்து ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு பங்களா. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் சாரல் விழும். அப்போது துரைமார்களும் ஜட்ஜுகளும் ஜமீன் குடும்பங்களும் பங்களாவுக்கு வந்து தங்கிக் குளித்துவிட்டுப் போவார்கள். மீதி ஒன்பது மாதமும் சுவரில் பாசி ஏறாமலும், குரங்குகள் ஓட்டைப் பிரிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் ஒரு காரியஸ்தர் இருந்தார். பண்ணையாரின் தகப்பனார் காலத்திலேயே வந்து சேர்ந்தவர். பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறையும் ஓர் அடுக்களையும் உள்ள வீட்டில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை யாருக்கோ, வீடும் அவருக்கு.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. பள்ளியிறுதி தேறி, தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். என் இங்கிலீஷ் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் பண்ணையார் ஆள் அனுப்பினார். போனேன். ஆடி மாதம் வரப்போகிற ஒரு துரைக்கு அறை தயாராக இருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்தாரா நேராகப் பிடித்தாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கையெழுத்துத் தேவலை. ஜாதகத்தைக் கொண்டா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பெண் கொடுக்கப் போகிறாரா என்ன? பிறகுதான் தெரிந்தது, அது அவர் வழக்கம். சமையலுக்கு ஆள் வைத்தாலும் தோப்புக்குக் காவல் வைத்தாலும் ஜாதகம் இல்லாமல் வைக்கமாட்டார். தன் ஜாதகத்தோடு அதைப் பொருத்திப் பார்ப்பார். அவரிடம் வேலை செய்கிற அத்தனை பேருடைய ஜாதகமும் ஒரு மரப்பெட்டியில் கட்டிவைக்கப்பட்டிருந்தது. அதைப் புரட்டிப் பார்க்கவே ஒரு ஜோசியர் மாதம் இரண்டு முறை வந்துபோவார்.

என் ஜாதகத்தை அந்த ஜோசியர் பார்த்தார். "சனி நல்ல இடத்துல நிக்கான். பையன் பொறுமைசாலி. எத்தனை நாளானாலும் காத்துக் கெடப்பான்" என்றார். நான் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

பண்ணையார் சொன்னார்: "குத்தாலத்துப் பங்களாவுல காரியஸ்தர் வேலை இன்னும் மூணு வருசத்துல காலியாகும்லே. அதுவரைக்கும் அவருக்கு உதவியா அரைச் சம்பளத்துக்கு இரு. அப்புறம் வேலையும் வீடும் உனக்குத்தான்."

"அண்ணாச்சி சொந்த ஊருக்குப் போறாகளா மொதலாளி?" என்று கேட்டேன்.

பண்ணையார் ஜோசியரைப் பார்த்தார். ஜோசியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அறுபத்தொண்ணுல மாரகம். தாண்டாது" என்றார்.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது பண்ணையார் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சீசன் நடுவில் காரியஸ்தர் திடீரென்று போய்விட்டால் வந்திருக்கிற பெரிய மனிதர்களை யார் கவனிப்பது? சாவு வீட்டில் நின்றுகொண்டா ஆள் தேடுவது? இப்போதே ஒருவனை எடுத்துப் பழக்கிவிட்டால் அன்றைக்குக் காலையில் அவர், சாயங்காலம் இவன். வேலை நிற்காது. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவருக்கே ஒரு பூரிப்பு. காரியஸ்தருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. படி ஏறினால் கொஞ்சம் இளைக்கும், மற்றபடி கல்லுக்குண்டு போல நடமாடிக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்ததும் பண்ணையார் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அன்றைக்கு ஏதோ சாமான் வாங்கத் தென்காசிக்கு வந்திருந்த காரியஸ்தரே வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "இவன் உங்களுக்கு உதவிக்கு வாறான்" என்று பண்ணையார் சொல்ல, அவரும், "நல்லது. எனக்கும் படி ஏறி எறங்க முடியல" என்று தட்டை நடுவில் வைத்தார். பண்ணையார் வெற்றிலை பாக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். எங்கள் பக்கம் வெற்றிலை பாக்கு மாறிவிட்டால் அதற்குமேல் பேச்சுக் கிடையாது. அந்த மனிதருடைய சாவை நிச்சயம் பண்ணிய தட்டை அவரே ஏந்திக்கொண்டு வந்தார். அன்று எனக்கு வெட்கம் வரவில்லை, வேலை கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது. இதை எழுதும்போது பண்ணையாரைவிட என் மேல் எனக்கு அதிகக் கோபம் வருகிறது.

வக்கீல் வேலையை விட்டேன். ரயில்வேயில் சேர்த்துவிடுகிறேன் என்று திருநெல்வேலியிலிருந்து என் மாமா எழுதினார். வேண்டாம் என்று பதில் எழுதினேன். குற்றாலத்துப் பங்களாவுக்குக் காரியஸ்தர் ஆகப்போகிறவனுக்கு ரயிலில் கொடி காட்டுகிற வேலை எதற்கு?

அடுத்த தையில் எனக்குக் கீழப்பாவூரில் பெண் பேசினார்கள். பெண்ணின் தகப்பனார் நிலபுலன் உள்ளவர், எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் வீடு வாசலைப் பார்க்க வருவது எங்கேயும் உள்ளதுதான். இவர் காரியஸ்தரைப் பார்க்க வந்தார். இடம் எப்படிக் காலியாகும் என்று கல்யாணப் பேச்சில் என் வீட்டார் விவரமாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் காலையில் வந்தவர் மத்தியானம்வரை பங்களாத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காரியஸ்தர் படியேறுவதையும் இறங்குவதையும், மூச்சு வாங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"அண்ணாச்சிக்குச் சளி கிளி உண்டா?"

"மழைக்காலத்துல உண்டு."

"சாப்பாடெல்லாம் செமிக்குதா?"

"செமிக்கும்."

"நெஞ்சுல அடைப்பு மாதிரி எதும்...?"

காரியஸ்தர் கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே வைத்தார். "எதுக்குவே இதையெல்லாம் கேக்கீரு? எனக்கா பொண்ணு குடுக்கப் போறீரு?"

என் மாமனாருக்குப் பூசி மெழுகத் தெரியாது. "கோவிக்காதீக. மாப்ளைக்குத்தான் குடுக்கேன். வேலை அறுபத்தொண்ணுல கைக்கு வரும்னு சொன்னாக. பொட்டப்பிள்ளையப் பெத்தவன், பார்த்துக்கிடணும்லா?" என்றார்.

காரியஸ்தர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அறுபத்தொன்று என்ற வார்த்தை போதும். தன் ஜாதகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, அதைப் புரட்டுவது யார் என்று அவருக்குத் தெரியாதா? சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குச் சொருகிய சாவி, பிறகு ஒருநாளும் என் கைக்கு வரவில்லை.

கல்யாணம் நடந்தது. மனைவியை எங்கே கொண்டுவந்து வைப்பது? பங்களாவில் எனக்கு இருந்தது வண்டிக் கொட்டகையின் ஓரத்தில் ஒரு கயிற்றுக் கட்டில். பின்கட்டு வீடு காலியானால்தான் குடித்தனம். மூன்று வருஷம்தானே, அதிலும் ஒன்று போய்விட்டது என்று அவள் கீழப்பாவூரிலேயே தகப்பன் வீட்டில் இருந்தாள். மாதம் ஒரு தடவை நான் போவேன். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்னே மாமனார் கேட்பார்: "என்ன மாப்ளே, எப்படி இருக்காரு?" ஊரில் யார் காதிலாவது விழுந்தால், மாமனார் யாரோ சொந்தக்காரருடைய உடம்புக்காகக் கவலைப்படுகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

எப்படி இருந்தார்? அதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். என் மாமனார் வந்துபோன அடுத்த நாளே காரியஸ்தர் மூக்குப்பொடி டப்பாவைத் தூக்கி எறிந்தார். காப்பியை விட்டார். விடியற்காலை எழுந்து அருவியில் குளித்துவிட்டு ஐந்தருவிவரை நடந்து திரும்புவார். அவர் மனைவி உளுந்தங்களியும் கருப்பட்டியுமாகக் கொடுப்பாள். ஆறு மாதத்தில் ஆள் மினுமினுவென்று ஆகிவிட்டார். சளியும் போயிற்று, இளைப்பும் போயிற்று. படிகளை இரண்டிரண்டாக ஏறிவிட்டு, மேலே நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். அவர் ஆயுசு கூடியதற்கு நான்தான் காரணம். என்னைப் பார்த்துப் பார்த்தே வாழ்ந்தார்.

வேலையில் ஒரு துரும்பைக்கூட எனக்குக் காட்டித்தரவில்லை. எந்த ஓட்டுக்கு அடியில் ஒழுகும், எந்தத் துரைக்கு எந்த அறை, பால் யாரிடம், விறகு எங்கே, எதையும் சொல்லமாட்டார். கேட்டால், "நான் போன பெறவு உனக்கே தெரியும்லே. அவசரப்படாத" என்பார். வந்தவர்கள் முன்னால் என்னைச் சுவர்ப் பாசி சுரண்டச் சொல்வார். "யாரு இது?" என்று கேட்டவர்களிடம், "எனக்குக் கொள்ளி வைக்க மொதலாளி ஏற்பாடு பண்ணிருக்க ஆளு" என்பார். அவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரிப்பார்கள். நானும் இளிப்பேன். ராஸ்கல் என்று மனதுக்குள் திட்டுவேன். வேறு மாதிரியும் திட்டியிருக்கிறேன், அதை எழுத முடியாது.

அறுபது நிறைந்ததும் குற்றாலநாதர் கோயிலில் அறுபதாம் கல்யாணம் வைத்தார். முதல் அழைப்பு என் மாமனாருக்கு. அவரும் வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. கலசத் தண்ணீரை மணமக்கள் தலையில் ஊற்றும் நேரத்தில் காரியஸ்தர் என்னைக் கூப்பிட்டார். "நீயும் ஒரு குடம் ஊத்துலே. உன்னைய விட்டா என் ஆயுசைப் பத்தி அக்கறைப்பட யாரு இருக்கா?" ஊற்றினேன். ஈரத்தலையோடு நிமிர்ந்து, "நூறாயுசு இருன்னு சொல்லு" என்றார். அத்தனை பேர் முன்னால் சொல்லாமல் என்ன செய்ய? சொன்னேன்.

அறுபத்தொன்று வந்தது. அந்த வருஷம் முழுக்க நான் அவர் இருமுகிறாரா என்று காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் காய்ச்சலில் படுத்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கத்தினால் இல்லை. மூன்றாம் நாள் எழுந்து அருவிக்குப் போய்விட்டார். வருஷம் போயிற்று. பண்ணையாரிடம் போய் நின்றேன். ஜோசியர் மறுபடி கட்டங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, அறுபதாம் கல்யாணத்தில் செய்த சாந்தியினால் கண்டம் தள்ளிப்போயிருக்கிறது, அறுபத்தாறில் வரும் என்றார். "கேட்டுக்கிட்டியாலே?" என்றார் பண்ணையார், ரயில் கொஞ்சம் தாமதம் என்பதுபோல.

அப்போதாவது போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் என் பேரன் கேட்கிறான். நாலு வருஷம் காத்தவனுக்கு அந்த நாலு வருஷம்தான் கால்கட்டு. விட்டுப் போனால் அத்தனையும் வீண். இருந்தால் என்றைக்காவது அர்த்தம் வரும். ரயில்வேக்கு வயது தாண்டிவிட்டது. வக்கீலிடம் வேறு குமாஸ்தா வந்துவிட்டான். அதோடு எனக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அதற்குக் கீழப்பாவூர்தான் வீடு. என்னைக் கண்டால் யாரோ விருந்தாளி என்று தாயின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்றும் நடந்தது. என்னை எந்த வேலைக்கு எடுத்தாரோ அந்த வேலையே மாறிப்போயிற்று. துரைமார்கள் வருவது குறைந்தது. தென்காசியிலிருந்து பஸ் விட்டார்கள். காலையில் வந்து குளித்து, புளியோதரை தின்று, சாயங்காலம் திரும்புகிற கூட்டம் பெருகியது. தங்குகிறவர்களும் தந்தி அடித்தார்கள், கடிதம் எழுதவில்லை. எழுத வேண்டிய ஒன்றிரண்டையும் பண்ணையாரின் மகன் டைப் மெஷினில் அடித்து அனுப்பினான். என் முத்துமுத்தான கையெழுத்தைச் சலவைக்காரனுக்குத் துணி எழுதிப்போடத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்காலத்தைக் கட்டத்துக்குள் பார்த்த ஜோசியருக்கு இந்த பஸ் ஒன்று மட்டும் தெரியவில்லை.

மாமனாரின் பேச்சும் மாறியது. "இலவு காத்த கிளின்னு கேட்டுருக்கேன். இப்பம் வீட்டுக்கே மாப்ளையா வந்திருக்கு" என்று பந்தியில் உட்கார்ந்து என் காது கேட்கச் சொன்னார். என் மனைவி உள்ளேயிருந்து வந்து இலையில் மோரை ஊற்றிவிட்டுப் போனாள்.

ஏழாவது வருஷம் ஆடி மாதம். நாலு நாளாக மலையில் விடாத மழை. பேரருவி செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. காரியஸ்தருக்கு அறுபத்தைந்து. தண்ணீர் அதிகம், ஓரமாகக் குளியுங்கள் என்று எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் சொன்னான். அவர் கேட்கவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய். நான் அவருடைய வேட்டியையும் துண்டையும் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளிப் பாறையில் நின்றேன். அதுவும் என் வேலைகளில் ஒன்றாகியிருந்தது.

கால் வழுக்கியது. முதலில் முழங்காலில் விழுந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். தண்ணீர் அவரைப் பக்கவாட்டில் இழுத்தது. அந்தப் பக்கம் பாறை சரிந்து ஆற்றில் இறங்குகிறது. விரல்களால் பாறையைப் பிறாண்டினார். பிடிபடவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்து வலது கையை நீட்டினார். கூப்பிடவில்லை, நீட்டினார்.

நான் நின்றேன்.

பயத்தில் உறைந்துபோனேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நாலு எட்டு எடுத்துவைத்தால் அந்தக் கையைப் பிடிக்கலாம். பிடிக்காவிட்டால் ஆவணியில் என் மனைவியையும் பிள்ளையையும் பின்கட்டு வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாம். அடுக்களைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். மூன்று எண்ணுகிற நேரம்தான் இருக்கும். அதற்குள் எண்ணெய் தேய்க்கிறவன் என்னைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டான்.

அவர் இருமித் தண்ணீரைத் துப்பினார். பிறகு என்னிடம் துண்டுக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். துடைத்துக்கொண்டார். வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு பங்களாவைப் பார்த்து நடந்தார், நான் பின்னால் போனேன்.

மூன்றாம் நாள் பண்ணையார் வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "அருவிக்கரையில என்னமோ நடந்துச்சாமே. இவன் பார்த்துக்கிட்டே நின்னான்னு பேச்சு அடிபடுது. நெசமா?" என்று காரியஸ்தரைக் கேட்டார். ஏழு வருஷம் இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது என்று நினைத்தேன்.

காரியஸ்தர் கொஞ்சமும் தயங்கவில்லை. "எவன் சொன்னான்? இவன்தான் மொதல்ல கையக் குடுத்தான். எண்ணெய்க் கை, வழுக்கிட்டு. அப்புறம்தான் அவன் வந்து புடிச்சான்" என்றார்.

பண்ணையார் என்னைப் பார்த்தார். "அப்படியாலே?"

"ஆமா மொதலாளி" என்றேன்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் என் கண்ணில் தண்ணீர் நின்றது. எத்தனை பெரிய மனிதர், இவரையா நான் இப்படி நினைத்தேன் என்று தோன்றி அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை உதறிக்கொண்டார்.

"ஏலே, ஒப்பாரி வைக்காத. உனக்காவ ஒண்ணும் சொல்லல. உன்னைய வெரட்டுனா நாளைக்கே வேற ஒருத்தனக் கூட்டியாருவாரு, அந்த மனுசன். வாறவன் எப்படிப்பட்டவனோ? பிடிச்சுத் தள்ளிவிட்டாலும் விட்டுருவான். நீன்னா நிப்ப. ஏழு வருசமாப் பாக்கேன், உனக்கு நிக்க மட்டுந்தான் தெரியும். காப்பாத்தவும் மாட்ட, கொல்லவும் மாட்ட. எனக்கு நீயே போதும்."

சொல்லிவிட்டுச் சாவிக்கொத்து குலுங்கப் பின்கட்டுக்குப் போனார்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். பண்ணையாரிடம் சொல்லி என்னை விரட்டியிருந்தாலும் ஜென்மத்துக்கும் அவரைத் திட்டிக்கொண்டு எங்காவது பிழைத்திருப்பேன். அவர் என்னைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. திரும்பக் கூடத்துக்குள் போனேன். பண்ணையார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, நான் கையக் குடுக்கல. அவரு நீட்டுனாரு. நான் நின்னேன்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்லே. எண்ணெய் தேய்க்கவன் அன்னைக்கே வந்து சொல்லிட்டான். அவரு வாயில என்ன வருதுன்னு பார்க்கத்தான் கேட்டேன். அவரே உன்னைய விட்டுக் குடுக்கலன்னா எனக்கு என்ன? போ, போய் வேலையப் பாரு. இவ்வளவு நாளு இருந்துட்ட, இன்னும் கொஞ்ச நாளுதான்."

அந்த நிமிஷம் என் வாய் திறந்தது. ஏழு வருஷத்தில் அவர் முன்னால் நான் உரக்கப் பேசியது அது ஒருமுறைதான்.

"எந்த வேலையப் பாக்க மொதலாளி? நீங்க என்னைய எடுத்தது பங்களா வேலைக்கா? ஒரு மனுசன் சாவாரான்னு பாத்துக்கிட்டே இருக்க வேலைக்கு. அந்த வேலைய ஏழு வருசம் ஒரு குறையில்லாமப் பாத்தாச்சு. இனி நீங்களே வந்து நின்னு பாருங்க."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். "ஜாதகத்துல பொறுமைசாலின்னு இருந்துச்சு" என்று ஜோசியரைக் குறை சொல்வதுபோல முணுமுணுத்தார். நான் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டேன். அடுத்த மாதமே அவர் இன்னொருவனை எடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவனும் அரைச் சம்பளத்தில்தான். அவர்கள் இருவருக்கும் முன்னால் பண்ணையார்தான் போய்ச் சேர்ந்தார். காரியஸ்தர் எழுபத்தொன்பதுவரை இருந்தார்.

கீழப்பாவூருக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். மாமனார் வயலுக்குப் போயிருந்தார். என் மனைவி முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். அருவியில் நின்றதையும், வெள்ளையடிக்க நினைத்ததையும் சொன்னேன். இவ்வளவு கொடியவனா என் புருஷன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். திருப்பியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"சனிக்கிழமை தவறாம நரசிம்மர் கோயிலுக்குப் போறனே, என்னத்தக் கேக்கப் போறேன்னு நெனைச்சீக?"

"என்னத்தட்டி?"

"அந்த மனுசனை எடுத்துக்கிடும்னுதான். அவுக மொகத்தைக்கூட நான் பாத்ததில்ல. அறுபதாங் கல்யாணத்துக்கு அப்பா போனாக, நான் போகல. ஆறு வருசமாக் கேக்கேன். எனக்கு வேற வேண்டுதலே கெடையாது." சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "ஒத்தையாக் கேட்டா சாமிக்குக் காது கேக்கலன்னு, பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்தேன்."

வாசலில் பிள்ளை மண்ணில் கோடு கிழித்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. பக்கத்தில் கூப்பிட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு வந்து, எட்டவே நின்றாள்.

"சாமிகிட்ட என்ன கேப்ப? அப்பாவுக்குச் சொல்லு" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறதுபோல் காலைச் சேர்த்து நின்றாள். மண் ஒட்டிய கைகளைக் குவித்து, கண்களை இறுக்கமாக மூடிக்கொண்டாள்.

"குத்தாலத்துத் தாத்தாவச் சீக்கிரமாச் சாகச் செய்யும் சாமி. நாங்க அப்பா வீட்டுக்குப் போகணும்."